வழியனுப்பியவர்கள் விமானம் ஏறுகிறார்கள்

நாகர்கோவிலின் கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று வழியில் வரும் ஊர்களை எங்கள் பக்கத்துப் பெண்கள் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். வளைகுடாவுக்குப் போகும் மகனோடும், மீன்பிடிக் கப்பலில் வேலை கிடைத்த மருமகனோடும், செவிலியராகப் போகும் மகளோடும் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போய் வந்தவர்கள். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வற்றலும் ஊறுகாயும் அடைத்த பெட்டியை அவர்களே கட்டுவார்கள். கண்ணாடிக் கதவருகே காவலர் நிறுத்தும் இடத்தில் நின்று, பிள்ளை கண்ணுக்கு மறையும்வரை கை காட்டிவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்புவார்கள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அனுப்பிவைத்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களில் பலர் அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார்கள். கழுத்தில் ஒரே மாதிரி அடையாள அட்டை, தோளில் ஒரே நிறப் பை, தலையில் சுற்றுலா நிறுவனத்தின் தொப்பி, முன்னால் சிறு கொடியோடு ஒரு வழிகாட்டி. எருசலேம், ரோமாபுரி, லூர்து, மெக்கா, முக்திநாத், பத்துமலை என்று போகும் இடம் மாறும். போகிற விதம் ஒன்றுதான்: கூட்டமாக.

நாஞ்சில் நாட்டில் முதல் வெளிநாட்டுப் பயணம் என்பது ஆணுக்குப் பெரும்பாலும் பிழைப்பைத் தேடி நடந்திருக்கிறது. அவனை அனுப்பிவிட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாரைப் பார்த்து, வயல் கணக்கையும் நகைக்கடன் கணக்கையும் சுமந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஐம்பது வயதுக்கு மேல் வருகிறது. அது ஒரு குழுச் சுற்றுலாவின் வடிவத்தில் வருகிறது. குழுச் சுற்றுலாவை ஆட்டுமந்தைப் பயணம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தனியாகப் போ என்றால் அவர்கள் ஒருநாளும் போயிருக்க மாட்டார்கள். கூட்டம் இருந்ததால் போனார்கள். இதை நான் மனமார ஆதரிக்கிறேன். அதனால்தான் அதில் நடக்கும் கோளாறுகளையும் எழுத வேண்டியிருக்கிறது.

ரோமுக்குப் போன கோட்டாறு

கோட்டாற்றுக்குக் கடல் கடந்த உறவு புதிதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நிலவியல் அறிஞர் தாலமி தன் நூலில் குறித்த ஊர்களில் இதுவும் ஒன்று. நாகர்கோவில் என்ற பெயர் பெரிதாவதற்கு முன்பே இது வணிக ஊர். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறிய பிரான்சிஸ் சவேரியார், பதின்மூன்று மாதம் கழித்து 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் பெயரில் நிற்கும் பேராலயம்தான் கோட்டாற்றின் அடையாளம். டிசம்பர் 3ஆம் தேதித் திருவிழாவுக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை.

அந்தப் பேராலயத்துக்குள் இன்னொருவரின் கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுப் படைத்தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரச தண்டனைக்கு ஆளாகி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எடுத்துவரப்பட்ட எச்சங்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாயின.

இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் தேதி 2022 மே 15 என்று 2021 நவம்பரில் வத்திக்கான் அறிவித்தது. கோட்டாறு மறைமாவட்டப் பங்குகளில் அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது: “ரோமுக்குப் போவோமா?” கேட்டவர்களில் பாஸ்போர்ட் இல்லாதவர்களே அதிகம். கொரோனா காரணமாக நிறுத்தப்பட்டிருந்த வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்தை இந்தியா 2022 மார்ச் 27இல்தான் மறுபடி திறந்தது. அதற்கும் விழாவுக்கும் இடையில் ஏழு வாரம். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு நேர்முக நேரம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அப்படியிருந்தும் ஆயர்கள், குருக்கள், கன்னியர், பொதுநிலையினர் என்று குமரி மண்ணின் மக்கள் புனித பேதுரு சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழக அரசின் சார்பில் அமைச்சர்கள் செஞ்சி மஸ்தானும் மனோ தங்கராஜும் போனார்கள். ஐரோப்பாவில் குடியேறிய தமிழர்களும் அங்கே திரண்டார்கள். அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். பேராலய முகப்பில் தொங்கிய பத்துப் படங்களில் ஒன்று நட்டாலத்துக்காரருடையது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. கேரளத்துக் குருக்களான கரியாட்டில் யோசேப்பும் பாறேம்மாக்கல் தோமாவும் 1778இல் தங்கள் சபையின் வழக்கோடு ரோமுக்குப் புறப்பட்டார்கள். தரைவழியே சென்னைக்கு வந்து, கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசில் கரையைத் தொட்டு, லிஸ்பன் போய், அங்கிருந்து ரோம் சேர்ந்தார்கள். தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வேண்டும் என்ற முதல் விண்ணப்பத்தை 1780இல் வத்திக்கானில் கொடுத்தவர் இந்தக் கரியாட்டில்தான். 1786இல் திரும்பும் வழியில் கோவாவில் அவர் இறந்துபோனார். பாறேம்மாக்கல் எழுதிய ‘வர்த்தமானப் புஸ்தகம்’ இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முதல் பயண நூல் என்று போற்றப்படுகிறது. எட்டு ஆண்டு எடுத்த அந்தப் பயணத்தின் வேண்டுகோள் நிறைவேற 242 ஆண்டுகள் ஆயின. நிறைவேறிய நாளில் சாட்சியாக நிற்கக் கோட்டாற்றுக்காரர்கள் ஒரு வாரப் பயணமாகப் போய் வந்தார்கள்.

ரோம் போகும் எங்கள் ஊர்க் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலோசியமும் திரேவி நீரூற்றும் எல்லா நிறுவனங்களின் பட்டியலிலும் இருக்கும். ஜேசு சபையின் தாய்க்கோயிலான ‘இல் ஜேசு’ பெரும்பாலான பட்டியல்களில் இருக்காது. 1614இல் கோவாவில் சவேரியாரின் உடலிலிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்ட வலது முன்கை அந்தக் கோயிலில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நம் கடற்கரையில் தண்ணீர் ஊற்றிய கை. கோட்டாற்றிலிருந்து ரோம் வரை போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்புவது பெரிய குறை. நகரின் நடுவில், வெனிஸ் சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பணம் கட்டும்போதே கேட்டு, பயணத்திட்டத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமஸ் குக்கும் நம் பாதயாத்திரையும்

குழுச் சுற்றுலா என்ற தொழிலைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் தாமஸ் குக், இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் சபைப் பிரசங்கியார், மதுவிலக்குக்காரர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்காகச் சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போனார். 1855இல் ஐரோப்பாவுக்கும், 1869இல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் குழுக்களை நடத்தினார். புனித பூமிப் பயணம் அந்தத் தொழிலின் தொடக்க காலச் சரக்குகளில் ஒன்று. 1886இல் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு, ஹஜ் பயணிகளை அனுப்பும் பொறுப்பையும் சில ஆண்டுகள் அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது.

ஆனால் கூட்டமாகப் போவதை நமக்கு வெள்ளைக்காரர் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் சபரிமலைக்கு மாலை போடுபவர்களும் குழுவாகத்தான் போகிறார்கள். முதல்முறை போகிறவரை ஏற்கெனவே போனவர் கைப்பிடித்து அழைத்துப் போவது நம் வழக்கம். எங்கள் பக்கத்து இடலாக்குடியிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள், பம்பாயிலிருந்து கப்பல் போன காலத்திலேயே கூட்டமாகத்தான் போனார்கள். அந்தக் கப்பல் 1995இல் நின்றது. 2018இல் ஹஜ் கொள்கையில் வந்த மாற்றம் கவனிக்கத் தக்கது. 45 வயதைக் கடந்த பெண்கள், ஆண் துணை இல்லாமல், நாலு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து குழுவாகப் போகலாம் என்று இந்திய அரசு அனுமதித்தது. நாலு பெண்கள் சேர்ந்தால் ஒரு கதவு திறக்கிறது. குழுவின் அருமைக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழக அரசும் இதில் கைகொடுத்திருக்கிறது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது 2011இல் எருசலேம் பயணத்துக்கு மானியம் அறிவித்தார். முதலில் 500 பேருக்கு ஆளுக்கு ரூ.20,000. பின்னாளில் அது 550 பேருக்கு ரூ.37,000, கன்னியர் 50 பேருக்கு ரூ.60,000 என்று உயர்ந்தது. கைலாஷ் மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போகும் இந்துக்களுக்கும் தனித் திட்டம் உண்டு. பயணச் செலவு முழுவதற்கும் இது போதாது. ஆனால் “இதெல்லாம் பணக்காரங்க காரியம்” என்று ஒதுங்கியிருந்த வீடுகளில் அரசாங்கமே போகச் சொல்கிறது என்ற எண்ணத்தை இது உண்டாக்கியது. எனக்கு இதுவே மானியத்தின் பெரிய பலனாகத் தோன்றுகிறது.

பெயரில் தொடங்கும் பாடு

முதல் பயணத்தின் முதல் தடை பாஸ்போர்ட் அலுவலகத்தில் தெரியவரும். ஞானஸ்நானச் சான்றிதழில் மரிய ரோசம்மாள், பள்ளிச் சான்றிதழில் எம். ரோசம்மா, ஆதாரில் ரோஸ்மேரி, வாக்காளர் அட்டையில் கணவர் பெயரோடு இன்னொன்று. ஒரே பெண்மணிக்கு நாலு பெயர். கடவுச்சீட்டில் தன் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். தமிழர்களான நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. பலர் இரண்டாவது கட்டத்தை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்கு மகனைப் பார்க்கப் போகவிருந்த எத்தனையோ பெற்றோர் தவித்தார்கள். பின்னர் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்வு வந்தது. முதல்முறை விண்ணப்பிக்கிறவர்கள் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை அல்லது கணவரின் முழுப் பெயரை இரண்டாவது கட்டத்தில் போடுவது நல்லது. அதற்கு முன் ஆதாரையும் அதே எழுத்துகளில் திருத்திக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டில் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டைப் போலவே இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று வயதானவர்கள் கலங்க வேண்டாம். 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்களுக்கு அது கட்டாயமில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, பிறந்த தேதி உள்ள வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று முத்திரை விழும் என்ற பயமும் பல பெண்களுக்கு இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது.

குமரிக்கே உரிய இன்னொரு பயம் உண்டு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் முத்திரை விழுந்தால் பிறகு குவைத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போக முடியாதோ என்று கேட்கிறார்கள். 2013 முதல் இஸ்ரேல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. உள்ளே நுழையும்போது தனிச் சீட்டு ஒன்றைத் தருகிறார்கள். அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் ஜோர்டானிலிருந்தோ எகிப்திலிருந்தோ தரைவழியாக எல்லை கடந்தால், அந்த நாடுகளின் எல்லை முத்திரையே எங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடும். வளைகுடாவுக்குப் போக வேண்டியவர்கள் இதை நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

விசா அதிகாரிகள் நம்மைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. 2023இல் கேரளத்திலிருந்து இஸ்ரேலுக்குப் போன குழுக்களில் சிலர் வழியில் காணாமல் போனார்கள். கேரள அரசு அனுப்பிய விவசாயிகள் குழுவிலேயே ஒருவர் விலகிப் போய்ப் பிறகு திரும்பினார். ஒருவர் நழுவினால் மீதிப் பேர் எல்லாரும் விசாரணைக்கு நிற்க வேண்டும். அடுத்து விண்ணப்பிக்கும் குழுவுக்கு விசா இழுபறியாகும். கூட வருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு சேருவது அவசியம். பங்கு, அன்பியம், ஜமாத், உறவு என்று ஏதாவது ஒரு வழியில் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவே முதல் பயணத்துக்கு ஏற்றது.

பணம் கட்டுமுன்

பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் வந்தால் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த ஏழு நாட்டையும் பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். முதல் பயணத்துக்கு ஒரு நாடு, அதிகம் போனால் இரண்டு போதும். ஒரே விடுதியில் இரண்டு இரவாவது தங்கும் திட்டமே வயதானவர்களின் உடம்புக்கு ஏற்றது. தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பெட்டியை வெளியே வைக்கும் பயணத்தில் நாலாம் நாள் முழங்கால் வீங்கிவிடும்.

விலைப் பட்டியலைவிட விலையில் சேராதவற்றின் பட்டியலை முதலில் படிக்க வேண்டும். மதிய உணவு உண்டா, நுழைவுக் கட்டணம் யார் தருவது, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு அன்பளிப்பு, மூன்று பேர் ஓர் அறையில் என்றால் மூன்றாவது ஆளுக்கு நிஜமான கட்டிலா, மடக்குக் கட்டிலா, தனி அறை கேட்டால் எவ்வளவு கூடும்: இவற்றுக்கெல்லாம் பதில் எழுத்தில் வர வேண்டும். ‘விருப்பச் சுற்றுலா’ என்று அங்கே போனபின் பணம் கேட்கும் வழக்கம் சில நிறுவனங்களிடம் இருக்கிறது. அது என்னென்ன என்று புறப்படுமுன்பே தெரிந்துகொண்டு, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு டிசிஎஸ் என்ற வரியையும் நிறுவனம் பிடித்து அரசுக்குக் கட்டும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது போன பணமல்ல. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். வருமானமே இல்லாத அம்மாவின் பெயரில் பிடித்த தொகையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்குக் காப்பீடு பொருந்துமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். போர் மூண்டால் பொருந்துமா என்பதையும் பாருங்கள். 2023 அக்டோபர் 7க்குப் பிறகு புனித பூமிப் பயணங்கள் ஒரே நாளில் நின்றுபோயின. அப்போது இஸ்ரேலில் இருந்த இந்தியக் குழுக்கள் வழி தேடி அலைந்தன. முன்பணம் கட்டியிருந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் பயமில்லாமல் இருந்துவிட முடியாது. 178 ஆண்டுப் பழமை கொண்ட பிரிட்டனின் தாமஸ் குக் குழுமமே 2019 செப்டம்பரில் ஒரே இரவில் மூடப்பட்டு, உலகெங்கும் ஆறு லட்சம் பயணிகள் நடுவழியில் நின்றார்கள். அதே பெயரில் இந்தியாவில் இயங்கும் நிறுவனம் வேறு முதலாளியுடையது என்பதால் தப்பியது. ஆகவே, ரத்தானால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. வங்கி வழியே கட்டி, ரசீது வாங்குங்கள்.

போன இடத்தில்

ஐரோப்பாவில் வழிகாட்டி நேரம் நேரம் என்று பறப்பதைப் பார்த்துப் பலருக்கு மனத்தாங்கல் வருகிறது. அங்கே பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. மீறினால் ஓட்டுநருக்குத் தண்டனை. ஒருவர் கடையில் இருபது நிமிடம் தாமதித்தால், சாயங்காலம் பார்க்க வேண்டிய ஒரு கோயில் எல்லாருக்கும் போய்விடும். குழுவில் போவது என்றால் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறோம்.

பெண்கள் கூச்சத்தால் கேட்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். அங்கே பல இடங்களில் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் இருக்காது. பையில் சில்லறை யூரோவும் சிறு காலிப் பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும். கழிப்பறையை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுவதும் நடந்து, சாயங்காலம் தலைசுற்றிக் கிடப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. தண்ணீர் குடியுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை, பால்கோவாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முந்திரிக்கொத்துக்குத் தடையில்லை. உடை விஷயத்தில் நம் பெண்களுக்குக் கவலையே இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று ரோமின் பேராலயங்களில் மற்றவர்களைத் தடுத்து நிறுத்துவார்கள். சேலை உடுத்தவர் நேராக உள்ளே போகலாம். காலில் மட்டும் செருப்புக்குப் பதில், ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூ வேண்டும். எருசலேமில் சிலுவைப் பாதையின் முதல் ஒன்பது நிலைகளும் வழுவழுப்பான கல் பாவிய சந்துகளில் ஏறி இறங்குகின்றன. இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழக வேண்டும். வாரம் ஒருமுறை காற்றாடிமலை ஏறி இறங்கினால் எந்த ஊர்ப் படிக்கட்டுக்கும் கால் தயாராகிவிடும்.

மூன்றாம் நாளுக்குள் குழு குடும்பமாகிவிடுகிறது. ராஜாக்கமங்கலத்து அம்மாவும் தக்கலை டீச்சரும் அக்கா என்றும் மைனி என்றும் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஒருவருக்கு இன்சுலின் போட இன்னொருவர் கைக்கடிகாரம் பார்ப்பார். கடலில் பிழைக்கும் குடும்பத்துப் பெண்ணும் வயல்காரக் குடும்பத்துப் பெண்ணும் ஊரில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். அங்கே ஒரே அறையில் உறங்குகிறார்கள். சாதிப் பெயரை நீக்கித்தான் வத்திக்கான் அவரைப் புனிதராக்கியது. அவர் கல்லறையிலிருந்து புறப்படும் குழுக்கள் அறைப் பங்கீட்டிலும் அதைக் கடைப்பிடிப்பது நியாயம். சொந்தக்காரர்களோடு மட்டும்தான் தங்குவேன் என்று கேட்பவர்களுக்கு அமைப்பாளர்கள் இணங்கக் கூடாது.

பெத்லகேம் பிறப்பிடக் கோயிலின் வாசல் நாலடி உயரம்தான். யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதித்திருக்கும் கோயிலின் சுவரில் தமிழும் இருக்கிறது. கலிலேயாக் கடலில் படகேறினால் நம் கொடியை ஏற்றி நாட்டுப்பண் போடுவார்கள். இவற்றையெல்லாம் விட என் மனத்தைத் தொடுவது கானாவூர். தண்ணீர் திராட்சரசமான கல்யாண வீடு என்று போற்றப்படும் அந்தக் கோயிலில், குழுக்களில் வரும் தம்பதியர் கைபிடித்துத் திருமண வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். எங்கள் மாவட்டத்துத் தம்பதிகளுக்கு அதன் பொருளே வேறு. கல்யாணமான மாதத்திலேயே கணவன் விமானமேறி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறையில் வந்து, அப்படியே முப்பது ஆண்டு கழித்தவர்கள் எத்தனையோ பேர். கானாவூரில் அவர்கள் சேர்ந்து நிற்கும்போது, இருவரும் ஒன்றாக ஏறிய முதல் விமானம் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கிறது.

சமயப் பயணம் வேண்டாம், ஊர் பார்த்தால் போதும் என்பவர்களுக்கும் வழி எளிதாகியிருக்கிறது. 2023 முதல் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருக்கின்றன. புறப்படும் முன் அப்போதைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பயணத்துக்குக் கோலாலம்பூரும் பினாங்கும் நல்ல தேர்வு. சாப்பாடு பழகியது, தமிழ் பேசலாம், பயணம் நாலைந்து மணி நேரம். ஐரோப்பாவை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு அடுத்த முறை வாங்க நினைத்திருக்கும் வளையலுக்கு முன் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ.1,500. பத்து ஆண்டு செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய விண்ணப்பத்தில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, ரூ.1,350 கட்டினால் போதும்.